அறுகம்குடா வேண்டாம், ஊர் ஒன்றே போதும்

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். நான், கணவர், தம்பி, அம்மா நான்கு பேரும் டிசம்பர் கடைசி வாரத்தில் இலங்கைக்குப் போய் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு வரலாம் என்று இருக்கிறோம். தம்பி சென்னைக் கோவளத்தில் ஓராண்டாகப் பழகுகிறான்; எழுந்து நின்று அலையின் பக்கவாட்டில் போகும் அளவுக்கு வந்துவிட்டான். நானும் கணவரும் பலகையைத் தொட்டதே இல்லை. ஆனால் காவிரியில் நீந்தி வளர்ந்தவர்கள். அம்மா கடலில் இறங்க மாட்டார், சுத்த சைவம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு, அறுகம்குடாவில் மூன்று இரவு, ஹிக்கடுவையில் இரண்டு, மிரிஸ்ஸவில் ஒன்று, வெலிகமவில் இரண்டு என்று திட்டம் போட்டிருக்கிறோம். தை பிறந்தால் சம்பா அறுவடை வந்துவிடும் என்பதால்தான் டிசம்பர். அறைகளுக்குப் பணம் கட்டும் முன் உங்களிடம் கேட்கிறேன். தம்பி தன் பலகையையும் தூக்கிக்கொண்டு வருவேன் என்கிறான். எடுத்துப் போகலாமா?

பதில்: பணம் கட்டும் முன் எழுதினீர்களே, அது நல்லது. பெரும்பாலானவர்கள் கட்டிய பிறகு எழுதுகிறார்கள். அப்போது நான் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

உங்கள் திட்டத்தில் முதலில் அடிக்க வேண்டியது அறுகம்குடா. ஊர் அருமையான ஊர். பொத்துவில் பக்கம் தமிழில் பேசியே காரியம் முடித்துவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் அங்கே அலைச்சறுக்குப் பருவம் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரைதான். நீங்கள் போக நினைக்கும் மார்கழியில், உங்கள் வயலில் எந்த வாடைக் காற்று மழையைக் கொட்டுகிறதோ அதே காற்று இலங்கையின் கிழக்குக் கரையையும் நேராக அடித்துக்கொண்டிருக்கும். கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்றில் அலை வடிவம் பெறாமல் கலைந்து, குழம்பி, கண்ட இடத்தில் உடையும். மழை வேறு. பருவம் முடிந்ததென்று பல விடுதிகள் கதவைச் சாத்தியிருக்கும். மூன்று இரவும் அறைக்குள் உட்கார்ந்து சீட்டாட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அதே வாடைக் காற்று தீவின் தெற்கு, தென்மேற்குக் கரைகளுக்கு வந்து சேரும்போது நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிரே வரும் அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்திவிடுவது போன்ற காற்று அது. அலை ஒழுங்காக எழுந்து, மெதுவாக ஒரு பக்கமிருந்து உடைந்து வரும். அலையை உண்டாக்குவது இந்தக் காற்று இல்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அன்டார்டிகாவை ஒட்டிய பெருங்கடலில் அடிக்கும் புயல்களே அந்த அலைகளின் தாய்வீடு. நமக்குக் குளிர்காலம் என்றால் அங்கே கோடைக்காலம், புயல்களின் வேகம் குறைவு. ஆகவே வந்து சேரும் அலையும் அடக்கமாக இருக்கும். காற்றும் சாதகம், அலையும் சிறியது. புதிதாகக் கற்பவர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரை என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நம் கரை ஏன் இப்படி இல்லை என்று உங்கள் தம்பி கேட்பான். தெற்கிலிருந்து வரும் அந்த நீண்ட அலைகளில் பெரும் பகுதியை இலங்கைத் தீவே மறித்துக்கொள்கிறது. கோடியக்கரையைத் தாண்டிவிட்டால் பாக் நீரிணையில் கடல் ஏரிபோலக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மார்கழியில் பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் நீங்கள் காண்பது பக்கத்திலேயே காற்று கிளப்பிவிட்ட குட்டையான, இடைவெளி இல்லாத, முரட்டு அலை. கூடவே கரையோரமாகத் தெற்கே இழுக்கும் நீரோட்டம், கரையைக் காக்கக் கொட்டிய கருங்கற்கள். போவதற்கு முன் ஒரு ஒத்திகை என்று அங்கே பலகையோடு இறங்கிவிடாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அடுத்தது கப்பல். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் ஓடியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில்தான் மறுபடி விட்டார்கள். கார்த்திகை, மார்கழி இரண்டும் அந்தக் கடலுக்கு நல்ல மாதங்கள் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா எந்த வழியாக வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வரும் தேதியில் கப்பல் இல்லை என்றால் கணவரின் வயல் காத்திருக்குமா? கப்பல் ஓடினாலும், காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கே சுமார் 400 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே இன்னும் ஒன்றரை நூறு. உங்கள் எட்டு இரவில் இரண்டு பகல் வண்டியிலேயே போய்விடும். யாழ்ப்பாணத்தையும் நல்லூரையும் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அவை அவசரமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் இல்லை. இந்தப் பயணத்துக்குத் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஈ.டி.ஏ. என்னும் நுழைவு அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சங்கடம் தந்த வரிக்கு வருகிறேன்: எட்டு இரவு, நான்கு ஊர்.

சுற்றுலா என்றால் அது சரி. கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அது சரிப்படாது. முதல் நாள் பலகையில் படுக்கவும், துடுப்புப் போடுவது போலக் கையால் தண்ணீரைத் தள்ளவும் கற்பீர்கள். இரண்டாம் நாள் தோளும் விலாவும் வலிக்கும். மூன்றாம் நாள் ஏதோ ஒரு கணத்தில் உடம்பு புரிந்துகொள்ளும். அந்த மூன்றாம் நாள் நீங்கள் மூட்டை கட்டி வேறு ஊருக்கு வண்டியில் போய்க்கொண்டிருக்கப் போகிறீர்கள். புதிய ஊரில் புதிய பயிற்சியாளர் முதலிலிருந்து தொடங்குவார், தரை வேறு மாதிரி இருக்கும், அலை வேறு பக்கம் உடையும். ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் கடலின் எந்த மூலையில் நீர் உள்ளே இழுக்கிறது, எந்த நேரத்தில் அலை எழும்புகிறது என்று நாலாம் நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒரே ஊர், ஒரே விடுதி. அந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது குழுவிலேயே திறமை குறைந்தவர் கணக்கில் இருக்க வேண்டும், திறமை கூடியவர் கணக்கில் இல்லை. தம்பி ஆட்டோ ஏறி வேறு அலைக்குப் போய்வரலாம். நீங்களும் கணவரும் தினமும் காலை ஆறு மணிக்கு வண்டி பிடித்துப் போய்க் கற்க வேண்டும் என்றால் மூன்றாம் நாளே போக மாட்டீர்கள்.

அந்த ஊர் வெலிகம. காலிக்கும் மாத்தறைக்கும் நடுவில் அகன்று வளைந்த குடா. அடியில் மணல். விழுந்தால் மணலில்தான் விழுவீர்கள். கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் கரை நெடுக இருக்கின்றன. அழகில் வெலிகம முதலிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்து அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் திக்வெல்ல பக்கத்திலிருக்கும் ஹிரிகெட்டியவுக்குப் போகிறார்கள். குதிரை லாடம் போல் வளைந்த சின்னக் குடா, தென்னை மரங்கள், எல்லாம் சரி. ஆனால் இடம் சிறியது. கிறிஸ்துமஸ் வாரத்தில் கற்பவரும் தேர்ந்தவரும் ஒரே அலைக்கு மோதிக்கொள்வார்கள். ஹிக்கடுவையில் நல்ல அலைகள் பெரும்பாலும் பவளப்பாறை மேல் உடைபவை. மிரிஸ்ஸவும் அப்படியே. உங்களுக்கு இவை இந்த ஆண்டு வேண்டாம்.

வெலிகமவில் எங்கே தங்குவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து காலி வழியாக வரும் பிரதான சாலை கடற்கரையை ஒட்டியே ஓடுகிறது. இணையத்தில் கடல் தெரியும் அறை என்று போட்டிருப்பவற்றில் பலவற்றுக்கும் கடலுக்கும் நடுவில் அந்தச் சாலை இருக்கும். இரவெல்லாம் பஸ், லாரி, ஹாரன். கடலுக்கு முதல் வரிசையில் அதிகப் பணம் கொடுப்பதைவிட, சாலையிலிருந்து உள்ளே இரண்டு மூன்று சந்து தள்ளி, நடந்து ஐந்து பத்து நிமிடத்தில் கரைக்கு வந்துவிடக்கூடிய வீட்டு விடுதியைப் பாருங்கள். ரயில் பாதையும் ஊருக்குள்ளேயே போகிறது. தண்டவாளத்தை ஒட்டிய வீடாகவும் இருந்துவிடக் கூடாது. வரைபடத்தில் இடத்தைக் குறித்துவைத்து, தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள். விடுதிக்காரர் சொல்லும் இரண்டு நிமிட நடை என்பது அவருடைய நடை; அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை.

பிறகு விடுதிக்காரரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நீங்கள் கடலில் இறங்கவேண்டிய நேரம் விடிந்ததும். காற்று நிலத்திலிருந்து வீசும் நேரம் அது. பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பி எல்லாவற்றையும் கலைக்கத் தொடங்கும். காலை உணவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் என்று சொல்லும் விடுதி உங்களுக்கு உதவாது. பத்து மணிக்கு வந்தாலும் தட்டு வைப்பார்களா என்று கேளுங்கள். வெளியே நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, ஈரத் துணியை உலர்த்த இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான்கு பேரின் உப்பு ஈரத் துணி ஒரு அறைக்குள் தொங்கினால் இரண்டாம் நாள் கதவைத் திறக்க முடியாது. அம்மாவுக்காக, சமையலறையை ஒரு மணி நேரம் பயன்படுத்த விடுவார்களா என்பது மிக முக்கியம். சோறும் பல கறிகளும் கொண்ட அந்த நாட்டுச் சாப்பாட்டில் பருப்பு, பலாக்காய், கத்தரிக்காய், கீரை எல்லாம் இருக்கும். சைவர்களுக்கு நல்ல ஊர்தான். ஒரே ஒரு கண்ணி: தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டைப் பொடித்துப் போடுவது அங்கே வழக்கம். சில காய்கறிக் கறிகளிலும் போடுவார்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது, மாசி போடாமல் என்று தனியாகச் சொல்லுங்கள். தெற்கில் பேச்சு சிங்களம், ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். இடியாப்பமும் அப்பமும் கிடைப்பதால் அம்மா பட்டினி கிடக்க மாட்டார்.

விடுதி, பயிற்சி, உணவு மூன்றையும் சேர்த்த தொகுப்புக் கட்டணம் உங்களுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். நான்கு பேரில் ஒருவர் கற்கவே போவதில்லை, இன்னொருவருக்கு வேறு நிலைப் பயிற்சி வேண்டும். அறை தனியாக, பயிற்சி தனியாகப் பேசுங்கள். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, ஒருவருக்கு எத்தனை மாணவர் என்பதுதான். இரண்டு பேருக்கு ஒருவர் இருந்தால் நல்லது. ஆறேழு பேரை நுரையில் தள்ளிவிட்டுக் கைப்பேசி பார்ப்பவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றில் நீந்தி வளர்ந்தது பெரிய வரம். தண்ணீர் பயம் இல்லை என்பது பாதிச் சுமையைக் குறைக்கும். ஆனால் காவிரி ஒரே திசையில் ஓடுவது. கடலில் கரைக்கு வந்த நீர் ஏதாவது ஒரு இடத்தில் திரண்டு உள்ளே திரும்பும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். விழும்போது தலைகீழாகப் பாயக் கூடாது. தட்டையாக விழுந்து, இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டே மேலே வாருங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது. அலை அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அடிக்கும். முதல் இரண்டு நாள் இடுப்பளவு நீரில் நுரை அலையோடு நில்லுங்கள். எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மெத்தென்ற பலகை. தம்பி தன் சின்னப் பலகையைக் கொடுத்து இதில் ஏறு அக்கா என்பான், கேட்காதீர்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். தடித்த உடை வேண்டாம், முழுக்கை நீச்சல் சட்டை போதும்.

தம்பிக்கு: வெலிகமவிலிருந்து காலி நோக்கிச் சில கிலோமீட்டரில் மிதிகம. அங்கே லேசி லெஃப்ட் என்று அழைக்கும் இடத்தில் இடப்பக்கமாக நீளமாக, நிதானமாக உடையும் அலை இருக்கிறது. அடியில் பாறை, ஆனால் அவன் நிலைக்குப் பொருந்தும். முதல் நாள் ஒரு உள்ளூர்ப் பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு போகட்டும், எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று காட்டுவார். பக்கத்திலேயே ராம்ஸ் என்று இன்னொரு அலை. பார்க்க ஆசையாக இருக்கும். அது ஆழமே இல்லாத பாறை மேல் குழலாக உடைவது, தேர்ந்தவர்களுக்கானது. கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தக் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பாறை மேல் உடையும் இடத்தில் அந்த அரை மீட்டரே முழங்காலைக் காப்பாற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகம் என்று பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. காலில் முள் குத்தும் கடல் முள்ளெலிகள் உண்டு, தண்ணீரில் போடும் ரப்பர் காலுறை வாங்கட்டும். அலை உடையத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் மற்றவர் விலக வேண்டும். கோவளத்தில் பழகியவனுக்கு இது தெரிந்திருக்கும், விடுமுறை ஆசையில் மறந்துவிடக் கூடாது.

அம்மாவுக்கு வெலிகமவில் அலுப்பு வராது. மாத்தறையைத் தாண்டித் தெவிநுவர, தீவின் தென்கோடி. 1911ஆம் ஆண்டு காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் எழுதியது. அதன் தமிழ்ப் பகுதி போற்றுவது தென்னாவரை நாயனார் என்னும் திருமாலை. அவர் கோயில் கொண்டிருந்த ஊர் இந்தத் தெவிநுவரதான். கல்லைப் பார்க்கக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், ஊரைப் பார்க்க ஆட்டோ போதும். கதிர்காமத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நாலாம் நாள் உங்கள் தோள்கள் ஓய்வு கேட்கும்போது அதை வைத்துக்கொள்ளலாம். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்குக் காலிக் கோட்டையின் அளவு வியப்பாக இருக்கும்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மாத்தறைக்குப் போகும் ரயில் கடலை ஒட்டியே போகிறது, வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். ஹிக்கடுவைக்குச் சற்று முன் பெரலிய என்ற இடம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஒரு ரயிலையே அங்கே அடித்துச் சென்றது. அக்கரைப்பேட்டையும் வேளாங்கண்ணியும் மறக்காத அந்த நாளில் நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்றால், நினைவிடத்தில் இறங்கிவிட்டுப் போகலாம்.

தேதியைப் பற்றி மறுபடி யோசிக்கச் சொல்வேன். டிசம்பர் கடைசி வாரம் அங்கே உச்ச நெரிசல். அறை விலை ஏறியிருக்கும், வெலிகமவில் பலகைமேல் பலகை மோதும். மழையும் முழுதாக விட்டிருக்காது. தென்மேற்குக் கரையில் வறண்ட மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. தையில் அறுவடை என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுவடைக்குச் சில நாள் முன்பே வயலில் உளுந்தோ பயறோ தூவிவிட்டால், நெல் வீட்டுக்கு வந்தபின் மாசியில் கணவருக்கு ஒரு வாரம் விடுதலை கிடைக்காதா? மாசி நடுவில் போனால் வெயில் காய்ந்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். அந்த ஆண்டு கப்பலும் ஓடத் தொடங்கியிருந்தால் யாழ்ப்பாண ஆசையையும் திரும்பும் வழியில் தீர்த்துக்கொள்ளலாம். டிசம்பரைத் தவிர வழியே இல்லை என்றால், ஏழு இரவையும் வெலிகமவில் இப்போதே பதிவு செய்து, கடைசி இரவை மட்டும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பும் விதியுள்ள அறையாகப் பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது அலைச்சறுக்குக் காயத்துக்கும் பணம் தருமா என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் சாகச விளையாட்டு என்று தள்ளிவிடும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் யோசனை இருந்தால், நம் ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே செல்லாது, அந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும். பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை, பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைப்பது கடினம். அன்று ஊர்விட்டு ஊர் போகாதீர்கள்.

தம்பியின் பலகை வீட்டிலேயே இருக்கட்டும். விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம், முனை உடைந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய வேனில் அதற்கு இடமும் இருக்காது. வெலிகமவிலும் மிதிகமவிலும் எல்லா அளவிலும் வாடகைப் பலகை கிடைக்கிறது. பலகையைக் கையில் வாங்கும் முன் அதில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.